வாலை விட்டுவிட்டு வந்த கோப்பு

இரவு பத்தரை மணிக்கு ஆறாயிரம் வெள்ளக் கணக்கு ஓட்டங்களைக் கணினியில் தட்டிவிட்டு லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணிப் பார்த்தால் நாலாயிரத்து இருநூறுதான் இருந்தது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ஒரே நேரத்தில் ஓடிய எட்டு ப்ராசஸும் (நிரலும்) வேலையை ஒழுங்காக முடித்துவிட்டதாகத்தான் லாக் சொன்னது. ஆயிரத்து எண்ணூறு ஓட்டங்களின் முடிவுகள் ஓசைப்படாமல் காணாமல் போயிருந்தன.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்து நாலு மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சியில் நான் பகுதிநேரமாகச் சேர்ந்திருந்தேன். அந்த மழைக்குப் பிறகு ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. பாபநாசத்துக்கு மேலே மலையில் பெய்கிற மழை, கீழே மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று வந்து சேர்கிறவை, நடுவில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். இத்தனையும் சேர்ந்து எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதுதான் கேள்வி.

இதில் உறுதியாகத் தெரிந்த எண்கள் கொஞ்சம்தான். வானிலைத் துறையின் கட்ட மழைத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1901 முதல் நாள்வாரியாக இருக்கிறது, பெரிய பொக்கிஷம். ஆனால் ஒரு கட்டம் 0.25 டிகிரி, அதாவது ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் அம்பையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மாஞ்சோலைக்கு மேலே ஊத்திலும் நாலுமுக்கிலும் விடாமல் பெய்துகொண்டிருக்கும். கட்டம் இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத் தரும். ஆகவே மலை மழையை 1.1 மடங்கு, 1.3 மடங்கு என்று பெருக்கிப் பெருக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். மண் எவ்வளவு நீரை உறிஞ்சும், ஆற்றுப்படுகை எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கும் இதே கதைதான். இப்படிப் பதினான்கு அளவுருக்கள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் உச்ச வெள்ளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு, அளந்த வெள்ளத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சில எண்கள் வெளியே வரும்.

பதினான்கு நெடுவரிசை போட்ட ஓர் அட்டவணை போதாதா என்று நானும் நினைத்தேன். அது இரண்டு வாரம் தாங்கியது. அப்புறம் கைடு, "பச்சையாற்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்களேன்" என்றார். அளவுரு பதினேழானது. அதற்கடுத்த வாரம் ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் தனித்தனி உச்ச நேரம் வேண்டும் என்றார், ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் முளைத்தது. பழைய ஓட்டங்களில் இல்லாத புலங்கள் புதியவற்றில் இருக்கும். இப்படி வாராவாரம் உருமாறுகிற குறிப்புகளுக்கு ஆவணத் தரவுத்தளம்தான் சௌகரியம். ஓர் ஓட்டத்துக்கு ஒரு ஜேசான் ஆவணம் (புலத்தின் பெயரும் மதிப்பும் சோடி சோடியாக எழுதிய உரை), அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆவணத் தரவுத்தளம் என்றால் மாங்கோடிபி என்று எல்லோரும் சொல்வார்கள். அது சர்வராகப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். லேப் கணினியில் எனக்கு நிர்வாகி அனுமதி கிடையாது, கேட்டுக் கடிதம் எழுதவும் பொறுமை இல்லை. எனக்கு வேண்டியது பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறக்கூடிய ஒரு கோப்பு. அதனால் டைனிடிபி என்ற சின்னத் தரவுத்தளத்தை எடுத்தேன். முழுக்கப் பைத்தானில் எழுதியது, நிறுவ ஒரு வரி, பயன்படுத்த நாலு வரி. மொத்தத் தரவும் ஒரே ஜேசான் கோப்பில் இருக்கும், நோட்பேடில் திறந்துகூடப் படிக்கலாம். முதல் முந்நூறு ஓட்டங்கள் வரை எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது.

ஆயிரத்தைத் தாண்டியதும் சுணங்க ஆரம்பித்தது. காரணம் எளிது. ஒரே ஓர் ஆவணத்தைச் சேர்த்தாலும் அது முழுக் கோப்பையும் படித்து, முழுக் கோப்பையும் திரும்ப எழுதும். ஆவணம் 3 கேபி, ஆறாயிரம் ஆவணம் என்றால் 18 எம்பி. கடைசி ஆவணத்தின் 3 கேபியைச் சேர்க்க 18 எம்பி எழுத வேண்டும். நடுவில் ஒரு தற்காலிகச் சேமிப்பைச் செருகினால் ஆயிரம் முறை எழுதினால் ஒருமுறைதான் வட்டுக்குப் போகும், வேகம் வந்துவிடும். ஆனால் கரண்டு போனால் அந்த ஆயிரமும் போய்விடும்.

காணாமல் போன ஆயிரத்து எண்ணூறுக்குக் காரணம் அதுவும் இல்லை. எட்டு ப்ராசஸ்கள் ஒரே கோப்பில் எழுதின. ஒன்று கோப்பைப் படித்து, அடுத்த வரிசை எண் 501 என்று தீர்மானிக்கிறது. அதே நொடியில் இன்னொன்றும் படித்து அதே 501ஐ எடுக்கிறது. முதலாவது எழுதுகிறது, இரண்டாவது அதன்மேலேயே எழுதிவிடுகிறது. யாரும் யாரிடமும் புகார் சொல்லவில்லை. இதில் டைனிடிபியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பல ப்ராசஸ்கள் எழுதுவதானால் என்னைப் பயன்படுத்தாதே, கரண்டு போனாலும் தரவு நிற்கும் என்ற உத்தரவாதம் வேண்டுமானாலும் என்னைப் பயன்படுத்தாதே என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது நான்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். அப்பா அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் பார்த்தவர்.

"என்னல, முகம் செத்துப் போயிருக்கு?"

"கணக்கு எழுதின ஃபைலு கெட்டுப் போச்சுப்பா."

"சிட்டை இருக்கும்லா? அதப் பாத்து மறுபடி ஏத்து."

"சிட்டைன்னு தனியா எதுவும் இல்லப்பா. நேரா பேரேட்டுலதான் எழுதுனேன். எட்டு பேரு எழுதுனாங்க."

"எட்டு பேரு ஒரே பேரேட்டுலயா?" என்று கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏட்டி, ஒம் மவன் படிச்ச படிப்பப் பாரு."

அப்பாவின் கடையில் களத்துமேட்டிலிருந்து மூட்டை வந்து இறங்க இறங்க, யார் நிற்கிறார்களோ அவர்கள் துண்டுச் சீட்டில் குறிப்பார்கள். சீட்டுகள் கம்பியில் குத்தப்படும். சாயங்காலம் கணக்குப்பிள்ளை ஒருவர் மட்டும் சீட்டுகளைச் சிட்டையில் வரிசையாக எழுதி, அங்கிருந்து பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார். பேரேட்டில் மை கொட்டினாலும் சிட்டை இருக்கும். சிட்டை நனைந்தாலும் கம்பியில் சீட்டு இருக்கும். நான் நேரே பேரேட்டில் எட்டுப் பேரை உட்கார வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை திரும்பிப் போய் வேறு எதெது உண்டு என்று பார்த்தேன். அன்க்யூலைட் என்று ஒன்று, சி மொழியில் எழுதியது, ஒரே கோப்பு, ஆவணங்களுக்கென்றே தனி மொழியோடு வருகிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பட்டம் வாங்கிப் போன பிறகு எனக்கு அடுத்து வருகிறவர் அந்தக் கோப்பைத் திறக்க அதே நூலகத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். எல்எம்டிபி மிக வேகம், ஆனால் அது சாவியும் மதிப்பும் மட்டும் வைக்கும் பெட்டி. "மழைப் பெருக்கி 1.3க்கு மேல் உள்ள ஓட்டங்களைக் கொடு" என்று அதனிடம் கேட்க வேண்டுமானால் நான்தான் எல்லாம் எழுதியாக வேண்டும். பைத்தான் தன் தரவைச் சேமிக்கும் பிக்கிள் வடிவத்தின் பக்கமே போகவில்லை, வேறு மொழிக்காரர் திறக்க முடியாது.

கடைசியில் வந்து நின்றது எஸ்கியூலைட். இது ஆவணத் தரவுத்தளமே இல்லையே, அட்டவணை போடுகிற பழைய சாதியாச்சே என்று தள்ளி வைத்திருந்தேன். அது என் அறியாமை. 2000இல் வந்த மென்பொருள், யாருக்கும் உரிமை இல்லாத பொதுச்சொத்து. பைத்தானுடன் 2006இலிருந்து சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவ ஒன்றுமில்லை. 2050 வரை கோப்பு வடிவத்தைக் கைவிட மாட்டோம் என்பது அதை உருவாக்கியவர்களின் திட்டம். 2015இலிருந்து ஜேசானுக்குள் நுழைந்து தேடும் செயற்கூறுகளும் அதில் இருக்கின்றன. அட்டவணையில் இரண்டே நெடுவரிசை போட்டேன். ஒன்று ஓட்டத்தின் அடையாளம், மற்றது முழு ஜேசான் ஆவணம். நுழைகிற ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் ஜேசான்தானா என்று பார்த்து, இல்லையென்றால் உள்ளே விடாதே என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன். அடிக்கடி தேடுகிற இரண்டு மூன்று புலங்களுக்கு, ஆவணத்துக்குள் இருக்கும் மதிப்பின் மீதே குறியீட்டுப் பட்டியல் போட முடிகிறது. புதுப் புலம் வந்தால் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை. வேண்டியது இவ்வளவுதான்.

முதல் தடங்கல் லேபின் பழைய கணினியில் வந்தது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் போட்டது. அதனுடன் வரும் எஸ்கியூலைட் 3.7.17, 2013 காலத்துச் சரக்கு. ஜேசான் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. ஆகவே எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், பைத்தானுக்குள்ளிருந்தே எஸ்கியூலைட் பதிப்பு என்னவென்று கேட்டுவிடுங்கள், ஒரு வரிதான். 3.38 அல்லது அதற்குப் பிறகு என்றால் கவலையில்லை, அதிலிருந்து ஜேசான் செயற்கூறுகள் இயல்பாகவே உள்ளே இருக்கும்.

அடுத்தது வால். எஸ்கியூலைட்டில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எழுதும்போது படிக்கிறவர்களும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். புதிய பதிவை மூலக் கோப்பில் உடனே தொடாமல் பக்கத்தில் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவிட்டு, பிறகு சமயம் பார்த்து மூலத்தில் ஏற்றுவது. அப்பாவின் சிட்டைதான். 'ரைட்-அஹெட் லாக்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'வால்' என்கிறார்கள். அந்தக் குறிப்புக் கோப்பின் பெயரும் மூலக் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'வால்' என்ற ஒட்டோடுதான் வரும். இதைவிடப் பொருத்தமாகத் தமிழில் யோசித்துக்கூட வைத்திருக்க முடியாது.

அந்த வாலின் அருமை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. ஓட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுத்தளக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு கைடு அறைக்குப் போனேன். திறந்தால் முந்தைய நாள் வரைக்கும்தான் இருக்கிறது. காலையிலிருந்து ஓடிய எழுநூறு ஓட்டங்கள் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். எழுநூறும் வாலில் இருந்தன, மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வாலை லேபில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் எல்லாம் ஒழுங்காக மூடினால் வால் மூலத்தோடு சேர்ந்து மறைந்துவிடும். ஓடும்போதே நகல் வேண்டுமென்றால் கோப்பை எடுத்து ஒட்டாமல், 'வேக்யூம் இன்டு' என்ற கட்டளையால் எஸ்கியூலைட்டையே நகல் எழுதச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த 3.27 பதிப்பு முதல் அது இருக்கிறது. முழுமையான, வாலில்லாத, ஒற்றைக் கோப்பு கிடைக்கும்.

இதைவிடப் பெரிய அடி பகிர்வுக் கோப்புறையில் விழுந்தது. நாலு கணினிகளில் ஓட்டினால் சீக்கிரம் முடியுமே என்று எல்லாவற்றுக்கும் பொதுவான நெட்வொர்க் வட்டில் தரவுத்தளத்தை வைத்தேன். முதலில் 'பூட்டியிருக்கிறது' என்று முரண்டு பிடித்தது. காத்திருக்கும் நேரம் பைத்தானில் இயல்பாக 5 நொடிதான், அதை அறுபதாக்கினேன். ஒரு நாள் சும்மா இருந்தது. மறுநாள் கோப்பே சிதைந்துவிட்டது என்றது. லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"யாரு சொன்னா ஒங்கள அதுல வைக்க?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி. இடம் நெறைய இருந்துச்சு."

"இடம் பஸ் ஸ்டாண்டுலயும்தான் இருக்கு. அங்க போயிப் பெட்டிய வச்சிட்டு வருவீயளா?"

அவர் சொன்னது சரி. வால் முறைக்கு, எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பங்கிட்டாக வேண்டும், நெட்வொர்க் வட்டில் அது நடக்காது. வாலை விட்டுவிட்டுப் பழைய முறைக்குப் போனாலும், பல நெட்வொர்க் வட்டுகளில் பூட்டு போட்டதுபோல் காட்டும், உண்மையில் பூட்டியிருக்காது. இதையும் எஸ்கியூலைட் கையேடு தெளிவாகவே சொல்கிறது. கையேட்டைப் படிக்காததன் பலன் எனக்கு இரண்டாம் முறை.

அப்புறம்தான் அப்பாவின் கம்பியை அப்படியே எடுத்துக்கொண்டேன். எந்த ஓட்டமும் தரவுத்தளத்தைத் தொடாது. ஒவ்வொன்றும் முடிந்தவுடன் தன் அடையாளத்தையே பெயராக வைத்து ஒரு சிறிய ஜேசான் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் போட்டுவிட்டுப் போய்விடும். அதுவும் நேரடியாக அல்ல. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் உண்மையிலேயே பதியச் சொல்லி, கடைசியில் பெயரை மாற்றும். ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது பாதியில் நிற்காது: மாறியிருக்கும், அல்லது மாறாமல் இருக்கும். ஆகவே சரியான பெயரோடு ஒரு சீட்டு கிடந்தால் அது முழுச் சீட்டு. பிறகு கணக்குப்பிள்ளையாக ஒரே ஒரு நிரல், என் கணினியின் சொந்த வட்டில் இருக்கும் எஸ்கியூலைட்டில் சீட்டுகளை ஏற்றும். ஒவ்வொன்றாக அல்ல, ஐந்நூறு ஐந்நூறாக ஒரே பரிவர்த்தனையில். ஒவ்வொரு பரிவர்த்தனை முடிவிலும் வட்டு 'எழுதியாச்சு' என்று சொல்லும்வரை அது காத்திருக்கும். பழைய சுழல்வட்டில் நொடிக்குச் சில பத்துப் பரிவர்த்தனைகள்தான் நடக்கும். கட்டாக ஏற்றினால் ஆறாயிரம் சீட்டும் டீ குடித்து வருவதற்குள் ஏறிவிடுகிறது. பேரேடு கெட்டால் அழித்துவிட்டு, சீட்டுகளிலிருந்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். தரவுத்தளம் கெடுமோ என்ற பயமே போய்விட்டது. எந்தத் தரவுத்தளம் என்ற கேள்வியின் கனமும் பாதியாகக் குறைந்தது.

எண்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் வழுக்கினேன். நம்பை என்ற எண் கணக்கு நூலகத்தின் 32 பிட் எண்களைப் பைத்தானின் ஜேசான் ஏற்காது, பிழை தரும். தெரியாத எதையும் எழுத்தாக மாற்றிவிடு என்று ஒரு குறுக்குவழி இருந்தது, போட்டேன். பிழை நின்றது. ஒரு மாதம் கழித்து உச்ச வெள்ளத்தை இறங்குவரிசையில் கேட்டால் 9800 மேலே, 12400 கீழே. எழுத்தாகிவிட்டபின் 9 பெரிதா 1 பெரிதா என்றுதானே அது பார்க்கும்? அந்த வரைபடத்தை நான் ஏற்கெனவே ஒரு முறை ஸ்லைடில் காட்டியும் இருந்தேன். எண்ணை எண்ணாகவே மாற்றிக் கொடுங்கள், குறுக்குவழி வேண்டாம். இன்னொன்று 'நேன்', 'எண்ணே இல்லை' என்பதன் குறி. ஆற்று அளவுமானிப் பதிவு விடுபட்ட இடத்தில் பொருத்த எண் கணக்கிட்டால் அதுதான் வரும். ஜேசான் தரத்தில் அப்படி ஒரு மதிப்பே கிடையாது, ஆனால் பைத்தான் முணுமுணுக்காமல் எழுதிவிடும். வேறு நிரல் அந்தக் கோப்பைப் படிக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். எழுதும்போதே 'நேனை அனுமதிக்காதே' என்று சொல்ல ஒரு வசதி இருக்கிறது. இப்போது நான் வெற்று மதிப்பும், பக்கத்தில் ஏன் வெற்று என்று ஒரு வார்த்தையும் வைக்கிறேன்.

நிமிடத்துக்கு நிமிடம் வரும் நீரோட்ட வரிசை, மழைக் கட்டங்கள் எல்லாவற்றையும் ஆவணத்துக்குள்ளேயே திணிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அவை பெரிய எண் வரிசைகளுக்கென்றே உள்ள எச்டிஎஃப்5 அல்லது நெட்சிடிஎஃப் கோப்பில் தனியாக இருக்கட்டும். ஆவணத்தில் அந்தக் கோப்பின் பாதையும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் செக்சம் எண்ணும் போதும். நெல் மூட்டையைப் பேரேட்டுக்குள் யாரும் வைப்பதில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து வரும் ஜூனியர் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: "அண்ணே, எனக்கு மொத்தமே இருநூறு ஓட்டம்தான், ஒரே கம்ப்யூட்டரு. நானும் இவ்வளவும் செய்யணுமா?" தேவையில்லை என்றேன். எழுதுவது ஒரே கை, ஆவணம் சில நூறு, கரண்டு போனால் மறுபடி ஓட்ட ஒரு மணி நேரம் என்றால் டைனிடிபியே போதும். அவள் என்னவோ சீட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டாள், தரவுத்தளமே வைக்கவில்லை. இருநூறு சீட்டையும் ஒவ்வொரு முறையும் மொத்தமாகப் படித்துக்கொள்கிறாளாம். அதுவும் சரிதான்.

போன வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. பேப்பரில் போட்டிருந்தார்கள், நான் பார்க்கவில்லை. யூபிஎஸ் பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. பன்னிரண்டாயிரம் ஓட்டங்களில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் போயிருந்த நேரத்தில் லேப் மொத்தமும் இருண்டது. சாயங்காலம் கரண்டு வந்ததும் கோப்புறையைத் திறந்தேன். தற்காலிகப் பெயரோடு எட்டு அரைகுறைச் சீட்டுகள் கிடந்தன. அவற்றை அழித்துவிட்டு, எந்த அடையாளங்களுக்கு இன்னும் சீட்டு இல்லையோ அவற்றை மட்டும் மறுபடி ஓடவிட்டு, லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.